ஓடும் பிள்ளைகளும் அவர்கள் பார்க்கும் வீடியோக்களும்: வாசகர் கேள்வி–பதில்

உணவுக் கோளாறிலிருந்து மீண்ட ஓட்ட வீராங்கனைகள் இணையத்தில் போடும் வீடியோக்களைப் பற்றியும், அவற்றைப் பார்த்து வளரும் இளம் ஓட்டக்காரர்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. 1500, 3000 மீட்டர் ஓடுகிறாள். அனோரெக்ஸியாவிலிருந்து (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவை மிகவும் குறைத்துக்கொள்ளும் நோய்) மீண்ட ஒரு வீராங்கனையின் ‘இன்று நான் என்னென்ன சாப்பிட்டேன்’ வீடியோக்களை விடாமல் பார்க்கிறாள். “அவங்களே இவ்வளவுதாம்மா சாப்பிடுறாங்க” என்கிறாள். மீண்டு வந்தவர்தானே, நல்ல வழிகாட்டி என்று விட்டுவிடலாமா?
— ஒரு தாய்

பதில்: அந்த வீராங்கனையின் வாழ்க்கையிலிருந்து உங்கள் மகள் கற்றுக்கொள்ளலாம். அவருடைய தட்டிலிருந்து கற்றுக்கொள்ளக் கூடாது.

வெளிப்படையாகப் பேசிய வீராங்கனைகளால் விளைந்த நன்மை பெரிது. அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கெய்ன், எடையைக் குறைக்கச் சொன்ன நெருக்கடியில் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் வராமல் போனதையும் ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019இல் சொன்ன பிறகுதான், பல பெற்றோருக்கு இப்படியொரு ஆபத்து இருப்பதே தெரிந்தது. இன்னொரு அமெரிக்க வீராங்கனை மாலி சைடல் 2016 ஒலிம்பிக் தகுதிப் போட்டியை விட்டுவிட்டுச் சிகிச்சைக்குப் போனார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலம் வென்றார். ‘ஓட்டத்தை நிறுத்தினால் எல்லாம் போச்சு’ என்று பயப்படும் பிள்ளைக்கு இது தெரிய வேண்டிய செய்தி.

தட்டு வேறு. ஒரு நாள் சாப்பாட்டை ஒரு நிமிட வீடியோவாக்கும்போது விட்டுப்போவதைப் பாருங்கள். அவர் அன்று எத்தனை கிலோமீட்டர் ஓடினார், கேமராவுக்கு வெளியே என்ன சாப்பிட்டார், சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதெல்லாம் தெரியாது. அவர் வளர்ந்து முடித்தவர். உங்கள் மகளின் உடல் இன்னும் எலும்பைக் கட்டிக்கொண்டிருக்கிறது. பெரியவர்களின் எலும்பில் உள்ள தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு, பருவ வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. அந்த நேரத்தில் ஒரு 28 வயதுக்காரரின் தட்டு அளவுகோல் ஆகவே முடியாது.

அதைவிட ஆழமாகக் காயப்படுத்துவது ‘அப்போது–இப்போது’ படங்கள். எலும்பும் தோலுமான பழைய படத்தைப் பார்க்கும் பிள்ளை, ‘நான் இவ்வளவு மெலியவில்லையே, அப்படியானால் எனக்கு நோயில்லை’ என்று முடிவுகட்டுகிறாள். உணவுக் கோளாறு எந்த எடையிலும் வரும். கடுமையாக நோயுற்ற பலர் பார்வைக்குச் சாதாரணமாகவே இருப்பார்கள். இன்னொன்று, நோயின் நாட்களை விவரிக்கும்போது எதையெல்லாம் ஒதுக்கினார், வீட்டில் எப்படி மறைத்தார் என்பதும் கூடவே வந்துவிடும். பலவீனமான நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அது செய்முறைக் குறிப்பு.

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பார்ப்பது நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று வீடியோக்களைச் சேர்ந்து பாருங்கள். முடிந்ததும், “இதைப் பார்த்ததும் சாப்பிடணும்னு தோணுதா, குறைக்கணும்னு தோணுதா?” என்று மட்டும் கேளுங்கள். கலோரி அல்லது எடை எண் சொல்லும் பக்கங்கள், முழுநாள் தட்டைக் காட்டும் பக்கங்கள், கண்ணாடி முன் வயிற்றைக் காட்டும் பக்கங்கள் மூன்றையும் அவளே மியூட் செய்யட்டும். செயலி கணக்கெடுப்பது எதை லைக் செய்தோம் என்பதை மட்டுமல்ல, எதில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதையும்தான். அதனால் பின்தொடர்வதை நிறுத்தினாலும் அதே மாதிரி வீடியோக்கள் வந்துகொண்டிருக்கும். வரும்போதெல்லாம் ‘ஆர்வமில்லை’ என்பதை அழுத்தி உடனே நகர வேண்டும். பரிந்துரைகளை அழித்துப் புதிதாகத் தொடங்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் எங்களைக் கவலைப்படுத்துவது மகளின் அந்த ஒரு வாக்கியம். அவள் ஏற்கெனவே ஒப்பிட்டுக் குறைக்கத் தொடங்கிவிட்டாள் போலிருக்கிறது. சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கிறாளா, ஒரு வகை உணவையே ஒதுக்குகிறாளா, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போகிறாளா, எப்போதும் குளிர்கிறது என்கிறாளா என்று இந்த வாரமே கவனியுங்கள். இவற்றில் இரண்டு இருந்தால் மருத்துவரைப் பார்க்க இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 16 வயது. நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. ஆனால் 3000 மீட்டரில் என் டைம் நன்றாகக் குறைந்திருக்கிறது. கடினமாகப் பயிற்சி செய்தால் நிற்பது சகஜம் என்று நான் பின்தொடரும் ஒருவர் சொன்னார். டாக்டரிடம் போக வேண்டுமா?
— ஒரு மாணவி

பதில்: போக வேண்டும், மகளே. இந்த வாரமே. தொடர்ந்து மூன்று மாதம் நின்றாலே பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. 15 வயதாகியும் முதல் மாதவிடாயே வராதவர்களுக்கும் இது பொருந்தும். பயிற்சி கடினமாக இருப்பதால் மட்டும் மாதவிடாய் நிற்பதில்லை. ஓட்டத்துக்குச் செலவானது போக, உடலை நடத்த மிச்சமிருக்கும் ஆற்றல் போதாதபோது மூளை முதலில் நிறுத்தும் வேலைகளில் ஒன்று இனப்பெருக்க ஹார்மோன். இந்த நிலைக்கு ‘ரெட்-எஸ்’ என்று பெயர். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதை வரையறுத்தது. உணவுக் கோளாறு இல்லாமல், பசிக்கு மட்டும் சாப்பிட்டு, தெரியாமலே இதில் விழுபவர்களும் உண்டு. கடினமான ஓட்டத்துக்குப் பிறகு பசி மந்தமாகிவிடும் என்பது ஒரு காரணம். நார்ச்சத்து மிகுந்த, ஆற்றல் குறைந்த உணவு சீக்கிரம் வயிற்றை நிரப்பிவிடும் என்பது இன்னொன்று.

டைம் குறைந்ததற்கும் விளக்கம் உண்டு. எடை இறங்கும் தொடக்கத்தில் சிலர் வேகமெடுப்பார்கள். அது நிலைக்காது. தைராய்டு ஹார்மோன் இறங்கும், தசை தேறத் தாமதமாகும், ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு பலவீனமாகும். பிறகு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் வரும் விரிசல்) வரும். குறிப்பாக இடுப்பெலும்பிலோ தொடை எலும்பின் கழுத்திலோ வந்தால், அது ஷூவினாலோ தரையினாலோ வந்தது என்று விடாமல், ஆற்றல் பற்றாக்குறையைத் தேட வேண்டும்.

டாக்டரிடம் மூன்று விஷயங்களை நீயாகவே சொல்: கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறாய், இதுவரை எலும்பில் வந்த காயங்கள். கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, புரோலாக்டின், எஃப்எஸ்எச், எல்எச், ஈஸ்ட்ரோஜன் ஆகிய ஹார்மோன்கள், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் டி, ஈசிஜி ஆகியவை வழக்கமாக எடுக்கப்படும். கர்ப்பப் பரிசோதனை எல்லோருக்கும் செய்யும் நடைமுறைதான், கூச்சப்பட ஒன்றுமில்லை. பல மாதங்களாக நின்றிருந்தால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் கேட்கலாம். உன் வயதில் அதில் ‘இசட்’ மதிப்பெண்ணைத்தான் (அதே வயதினரோடு ஒப்பிடும் அளவு) பார்க்க வேண்டும்.

கருத்தடை மாத்திரை கொடுத்து ‘வரவழைத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால், அம்மாவோடு இன்னொரு மருத்துவரையும் பார். மாத்திரையால் வரும் இரத்தப்போக்கு, உடல் தேறிவிட்டதற்கு அடையாளமல்ல. அது எலும்பைக் காப்பாற்றாது. மேலாக, குறை தீர்ந்துவிட்டதா என்று காட்டும் ஒரே மணியையும் அடக்கிவிடும். உண்மையான மருந்து கூடுதல் உணவும் குறைந்த ஓட்டமும். மாதவிடாய் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம்.

கேள்வி: நான் பள்ளி அணியின் கோச். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைக்கிறேன். இது தவறா? பிள்ளைகள் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?
— ஒரு பயிற்சியாளர்

பதில்: நிறுத்திவிடுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, மருத்துவக் காரணம் இல்லாமல் உடல் அமைப்பு அளவீடு கூடாது என்பதே இன்று விளையாட்டு மருத்துவர்களின் பரிந்துரை. வரிசையில் நிறுத்தி எடை பார்ப்பதில் கிடைக்கும் தகவலைவிட, பின்னால் நிற்கும் பிள்ளையின் மனதில் விழும் கீறல் பெரிது. ‘இரண்டு கிலோ குறைச்சா பத்து செகண்ட் குறையும்’ என்ற பேச்சு உங்கள் மைதானத்தில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது, சீனியர் பிள்ளைகள் உட்பட.

கணக்கை நீங்கள் புரிந்துகொள்வதற்காகச் சொல்கிறோம், பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள். சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் செலவான கலோரியைக் கழித்து, கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். கிலோவுக்கு ஏறக்குறைய 45 கலோரி மிஞ்சினால் நல்லது. 30க்குக் கீழே போனால், ஐந்தே நாட்களில் இனப்பெருக்க ஹார்மோனின் துடிப்பு குலைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொழுப்பு நீங்கலாக 40 கிலோ உள்ள ஒரு பெண் பயிற்சியில் 500 கலோரி செலவிட்டால், 45க்கு 2300 கலோரி வேண்டும். 1700க்கு வந்தாலே 30ஐத் தொட்டுவிடும். ஒரு இன்ஃப்ளூயன்சரின் ‘ஆரோக்கியமான 1700 கலோரி நாள்’ அவளை நேராக அந்த விளிம்பில் நிறுத்தும். இந்த எண்கள் வளர்ந்த பெண்களிடம் கண்டறிந்தவை. வளரும் பிள்ளைக்கு இதற்கும் மேல் வேண்டும்.

மைதானத்தில் நீங்கள் செய்யக்கூடியது எண்ணே இல்லாத வேலை. வெறும் வயிற்றோடு காலைப் பயிற்சிக்கு யாரும் வரக் கூடாது என்று விதி வையுங்கள். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஒரு நாளின் மொத்தக் கணக்கு சரியாக இருந்தாலும், நடுவில் பல மணி நேரம் பட்டினி கிடந்தால் ஹார்மோன் பாதிக்கும். நீங்கள் சொன்னதைவிட ரகசியமாக அதிகம் ஓடுபவர், ஓய்வு நாளில் தவிப்பவர், ஒரே ஆண்டில் இரண்டாவது எலும்புக் காயத்தோடு வருபவர் ஆகியோரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். “மெலிஞ்சுட்டே” என்று தொடங்காதீர்கள், நோயுள்ள பிள்ளைக்கு அது பாராட்டாகவே விழும். “கொஞ்ச நாளா சோர்வா இருக்கியே, எனக்குக் கவலையா இருக்கு” என்று தொடங்குங்கள். பெற்றோரிடம் சொல்லப் போகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இந்த ரெட்-எஸ் பெண்களுக்கு மட்டும் வருவதுதானே?
— ஒரு கல்லூரி மாணவர்

பதில்: இல்லை. ஆண்களுக்கும் வரும். மாதவிடாய் என்ற எச்சரிக்கை இல்லாததால் தாமதமாகத்தான் தெரியும். டெஸ்டோஸ்டிரோன் குறைவது, காலை நேர விறைப்பு அரிதாவது, காய்ச்சலும் சளியும் அடிக்கடி வருவது, எலும்புக் காயம் ஆகியவை அடையாளங்கள். ‘கட்டிங்’ (கொழுப்பைக் குறைப்பது), ‘ரேஸ் வெயிட்’ (போட்டிக்கான எடை) என்ற பெயரில் வருவதால் ஆண்பிள்ளைகள் இதை நோயென்றே எண்ணுவதில்லை.

கேள்வி: 14 வயது மகளுக்கு அனோரெக்ஸியா. சிகிச்சை தொடங்கி மூன்று வாரம். “அந்த அக்கா சிகிச்சையில் இருக்கும்போதே ஓடினாங்க, நானும் ஓடுவேன்” என்று அடம்பிடிக்கிறாள். நாடித்துடிப்பு 46. அது ஓட்டக்காரர்களுக்கு இயல்புதான் என்கிறாள்.
— ஒரு தந்தை

பதில்: ஐயா, இதைப் படித்ததும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பயிற்சியால் நாடி குறைவது உண்மைதான். ஆனால் அனோரெக்ஸியா உள்ள வளரிளம் பிள்ளைக்குப் பகலில் விழித்திருக்கும்போது 50க்குக் கீழ், இரவில் 45க்குக் கீழ் போனால், அது மருத்துவமனையில் சேர்ப்பதைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய நிலை. இரத்த அழுத்தம் 90/45க்குக் கீழ், உடல் வெப்பம் 35.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழ், எழுந்து நின்றதும் மயக்கம் ஆகியவையும் அப்படியே. பட்டினியால் வரும் மந்தத் துடிப்பை ‘ஃபிட்னஸ்’ என்று விட்டுவிடுவது இந்த நோயில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. நீண்ட நாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டிருந்தால், வீட்டில் திடீரென அதிகமாக ஊட்டவும் வேண்டாம். இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம். முதல் நாட்களில் இரத்தப் பரிசோதனையோடுதான் உணவைக் கூட்டுவார்கள்.

அந்த அக்கா வளர்ந்தவர். எந்த மருத்துவக் குழு, எந்த நிபந்தனையில் அனுமதித்தது என்பது வீடியோவில் இல்லை. உங்கள் மகளுக்கு இப்போது ஓட்டமும் கூடாது, அறைக்குள் ரகசியமாகக் குதிப்பதும் கூடாது. இந்த வயதில் பெரிதும் பலனளிப்பது குடும்பம் பொறுப்பேற்கும் சிகிச்சை. என்ன, எவ்வளவு என்பதைப் பெற்றோர் முடிவு செய்து, மூன்று வேளை உணவையும் இரண்டு மூன்று இடைவேளை உணவையும் கூடவே உட்கார்ந்து முடிக்க வைப்பது. பேரம் பேசாதீர்கள், திட்டாதீர்கள். “கஷ்டமா இருக்குன்னு தெரியும்மா, அடுத்த வாய்” என்பது போதும். அழுவாள், வெறுப்பதாகச் சொல்வாள். அது நோயின் குரல் என்று நினைத்து உட்கார்ந்தே இருங்கள். அப்பாவும் அம்மாவும் இரு வேறு அளவு வைப்பதுதான் பல வீடுகளில் இந்தச் சிகிச்சை தடுமாறும் இடம்.

எப்போது ஓடலாம்? நாடியும் இரத்த உப்புகளும் நிலைத்து, அவளுடைய பழைய வளர்ச்சிக்கோட்டுக்கு ஏற்ற எடை திரும்பி, சண்டையில்லாமல் சாப்பிட்டு, மாதவிடாயும் வந்த பிறகு, குழு எழுத்தில் அனுமதித்தால். முதலில் நடை, பிறகு வாரத்தில் இரண்டு நாள் நடையும் ஓட்டமும் கலந்து, கைக்கடிகாரமும் செயலியும் இல்லாமல். ஓடும் நாளில் கூடுதலாக ஒரு வேளை உணவு கட்டாயம். எடை இறங்கினால் அன்றே ஓட்டம் நிற்கும் என்பதைத் தொடங்கும் முன்பே அவளிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: நான் புலிமியாவிலிருந்து (அளவுமீறிச் சாப்பிட்டு, பிறகு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டும் நோய்) மீண்டுவரும் ஓட்டக்காரி. என்னைப் பின்தொடரும் பலர் பள்ளிப் பிள்ளைகள். என் அனுபவத்தைப் பகிர ஆசை. எதை எழுதலாம்?
— ஒரு வாசகி

பதில்: முதலில் உங்கள் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். மீட்சியின் தொடக்கத்தில் பகிர்ந்தால், ‘மீண்டவள்’ என்ற வேடத்தைக் காப்பாற்றுவதற்காகவே மறுபடி வழுக்கியதை மறைக்க நேரிடும். நிலைத்த பிறகு எழுதுங்கள். எடை, கலோரி, அளவு என்று ஒரு எண்ணும் வேண்டாம். நோய்க்கால உடல் படம் வேண்டாம். எப்படி வாந்தியெடுத்தீர்கள், எப்படி மறைத்தீர்கள் என்பது ஒரு வரிகூட வேண்டாம். முதன்முதலில் யாரிடம் எந்த வார்த்தையில் சொன்னீர்கள், மருத்துவர் என்ன கேட்டார், ஓடாத மாதங்களை எப்படிக் கடந்தீர்கள், எந்த உதவி பயன்பட்டது என்பதை எவ்வளவு விரிவாகவும் எழுதுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டியது அதுதான். உணவு நிறுவனமோ எடைக்குறைப்புப் பொருளோ விளம்பரம் தந்தால் மறுத்துவிடுங்கள். “அக்கா, எனக்கும் இப்படித்தான்” என்று தனிச்செய்தி வரும். நீங்கள் மருத்துவரல்ல. உங்கள் வீட்டில் யாரிடம் இன்று சொல்ல முடியும் என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள், உதவி எண்ணைக் கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவசர எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். அந்தச் செய்திகளைப் படித்த இரவில் உங்கள் சாப்பாடு தடைபட்டால், ஒரு மாதம் கணக்கை மூடி வைத்துவிட்டுச் சிகிச்சையாளரிடம் போங்கள்.