5-2 தோற்றவர்கள் கையில் கோப்பை

அன்புள்ள சார்,

இத்தாலியக் கால்பந்துக் கிளப்புகளுக்கான கோப்பா இத்தாலியாவின் 1992-93 இறுதி பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ரோமில் 5-2 என்று தோற்ற இரவில் டொரினோ கோப்பையைத் தூக்கியது என்று. ஏழாவது படிக்கும் என் மகன் அதைப் படித்துவிட்டு, “தோத்தவங்களுக்கு எப்படிப்பா கப் குடுத்தாங்க?” என்று பிடித்துக்கொண்டான். முதல் ஆட்டம் 3-0, அடுத்தது 2-5, கூட்டினால் 5-5, வெளியூரில் போட்ட கோல் இரட்டிப்பு, ஆகவே டொரினோ 7, ரோமா 5 என்று விளக்கினேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு பேரும் அஞ்சுதானே போட்டாங்க, எக்ஸ்ட்ரா டைம் வெச்சிருக்கணும்” என்கிறான். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. அன்று ரோமாவுக்கு மூன்று பெனால்டி கிடைத்ததாமே, நடுவர் விலைபோனவரா? இந்தக் கோப்பையை இத்தாலியர்களே மதிப்பதில்லை என்கிறார்களே? இப்போது இறுதிக்கு ஒரே ஆட்டம்தான், அது முன்னேற்றமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் மகன் உங்களைவிடத் தெளிவாக இருக்கிறான். முதல் வேலையாக அவனிடம் போய் அந்த 7-5-ஐத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அப்படி ஒரு முடிவு எங்கேயும் பதிவாகவில்லை. 12 ஜூன் 1993, டொரினோவின் ஊரான டுரின், 3-0. 19 ஜூன், ரோம், 2-5. மொத்தம் 5-5. அவன் சொன்னதுதான் ஸ்கோர்.

அவே கோல், அதாவது எதிராளியின் மைதானத்தில் போட்ட கோல், இரட்டிப்பு என்ற பேச்சை வர்ணனையாளர்களின் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன். பெரும்பாலான நேரம் விடை சரியாக வந்துவிடுவதால் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. எங்கே உடைகிறது என்று காட்ட வேறு ஆட்டம் தேட வேண்டியதில்லை. அதே ரோம் இரவில் டொரினோவின் சிலென்சி இரண்டு கோல் போட்டார். ஒன்றுதான் போட்டார் என்று வையுங்கள். ரோமில் 5-1. கூட்டினால் ரோமா 5, டொரினோ 4, கோப்பை ரோமாவுக்கு. உங்கள் கணக்கில் டொரினோவுக்கு 3, வெளியூரில் போட்ட ஒன்றுக்கு 2, ஆக 5. ரோமாவுக்கும் 5. ஜெயித்த அணியைக் கூடுதல் நேரம் ஆட அனுப்பிவிட்டீர்கள்! ஏழாவது படிக்கிற பையனிடம் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, அவன் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குக் கடிதம் வேறு.

விதி படிப்படியாகப் போவது. முதலில் இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்ட வேண்டும். ஒருவருக்கு ஒன்று கூடுதல் என்றாலும் அங்கேயே முடிந்தது, யார் எந்த ஊரில் போட்டார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. கூட்டுத்தொகை சமமானால் மட்டும் அடுத்த படி: எதிராளியின் மைதானத்தில் அதிகம் போட்டது யார்? அன்று டொரினோ 2, ரோமா 0. அதுவும் சமமாக இருந்தால்தான் முப்பது நிமிடக் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி ஷூட்-அவுட். உங்கள் மகன் கேட்கும் எக்ஸ்ட்ரா டைம் மூன்றாவது படியில் இருக்கிறது. ஆட்டம் இரண்டாவது படியிலேயே தீர்ந்துவிட்டது.

நியாயம் என்கிறீர்கள். ஐரோப்பியக் கோப்பைகளில் 1965-66இல் இந்த விதி வருவதற்கு முன்பு சமநிலை வந்தால் பொது மைதானத்தில் மூன்றாவது ஆட்டம், அதிலும் தீராவிட்டால் நாணயம் சுண்டுவது. இத்தாலி 1968இல் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் சோவியத் யூனியனைத் தாண்டியதே நேப்பிள்ஸில் சுண்டிய ஒரு நாணயத்தால்தான். அதைவிட அவே கோல் எவ்வளவோ மேல். ஆனால் விதி நியாயமா என்று கேட்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. முன்கூட்டியே தெரிந்த விதிக்கு யார் சரியாக ஆடினார்கள் என்பதுதான் கேள்வி. சமீபமாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். 2021இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் இந்த விதியைத் தூக்கியதிலிருந்து, ஏதோ பீடை விலகியது போல எல்லோரும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் முதல் ஆட்டத்தின் பூஜ்யத்துக்கு இருந்த மதிப்பு மறந்தே போய்விட்டது.

டுரின் ஆட்டத்தை எடுங்கள். ரோமாவின் பெனெதெத்தி தன் வலைக்குள்ளேயே போட்டுக்கொண்டது ஒன்று, கோயிஸ் ஒன்று, ஃபோர்த்துனாத்தோ ஒன்று. எல்லோரும் அந்த மூன்றைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது ரோமாவின் பூஜ்யத்தை. டுரினில் 5-2 என்று முடிந்திருந்தால் என்ன? அதே மூன்று கோல் முன்னிலைதான். பிறகு ரோமில் நிஜமாக நடந்த அதே 5-2. கூட்டினால் 7-7, அவே கோல் 2-2, கூடுதல் நேரம். முன்னிலை மாறவில்லை, ரோமில் நடந்ததும் மாறவில்லை. கோப்பை மட்டும் கையில் இல்லை.

4-1 என்றால்? அதுவும் மூன்று கோல் வித்தியாசம். ஆனால் ரோமா கையில் ஒரு அவே கோல் வந்துவிடுகிறது. டொரினோ ரோமில் கோல் போடாவிட்டால் 3-0 போதும், கோப்பை ரோமாவுக்கு. டொரினோ ஒன்று போட்டால் 4-1-இல் கூடுதல் நேரம். டொரினோ இரண்டாவதும் போட்டால்தான் நிம்மதி. நிஜத்தில் இருந்த 3-0-இல் ரோமாவுக்கு 3-0 என்பது கூடுதல் நேரம் மட்டும்தான், நேராகக் கோப்பைக்கு 4 வேண்டும். டொரினோ ஒரே ஒரு கோல் போட்டுவிட்டால் கூடுதல் நேரம் என்ற பேச்சே இல்லை, 5 வேண்டும். இரண்டு போட்டால் 6. அதாவது எதிராளி ரோமில் எத்தனை போட்டாலும் அதைவிட நான்கு அதிகம். முன்னிலை மூன்று என்று பலகையில் எழுதியிருக்கும், ரோமா தாண்ட வேண்டிய உயரம் நான்கு. அந்தப் பூஜ்யத்தின் விலை ஒரு முழு கோல்.

இப்போது ரோம் ஆட்டத்தை இந்தக் கணக்கோடு பாருங்கள். முதல் பாதியில் ஜியானினி பெனால்டியில் 1-0. இன்னும் இரண்டு போட்டால் கூடுதல் நேரம், மூன்று போட்டால் கோப்பை. இடைவேளை முடிந்து வந்தவுடன் சிலென்சி 1-1. கூடுதல் நேரத்தின் கதவு அங்கேயே சாத்தப்பட்டது. தேவை இன்னும் நான்கு. ரிட்சித்தெல்லி 2-1, ஜியானினியின் இரண்டாவது பெனால்டி 3-1. தேவை இரண்டுதான். ஒலிம்பிகோ மைதானம் எழுந்து நிற்கும் நேரத்தில் சிலென்சி மறுபடி, 3-2. தேவை மூன்றாகிவிட்டது. ஜியானினியின் மூன்றாவது பெனால்டி 4-2, மிகைலோவிச் 5-2. இடைவேளைக்குப் பிறகு சுமார் இருபது நிமிடத்துக்குள் ஆறு கோல். அதன்பின் இருபது நிமிடத்துக்கும் மேல் ரோமாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கோல். அது வரவில்லை. வந்திருந்தால் 6-2, கோப்பை ரோமாவுக்கு. அவே கோல் விதி இல்லாத இன்றைய ஆட்டமென்றால் 5-2-இல் ரோமா ஆசுவாசமாகி, பந்தை வைத்துக்கொண்டு கூடுதல் நேரத்துக்காகக் காத்திருக்கலாம். அன்று அதற்கு வழியில்லை. இந்த விதி ஆட்டத்தைக் கொன்றது என்பவர்கள் அந்த இருபது நிமிடத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

சிலென்சி ரோமில் பிறந்தவர் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள், பையன்களுக்கு இதெல்லாம் பிடிக்கும்.

மூன்று கோல் முன்னிலையோடு வெளியூர் போகும் அணிகள் செய்யும் தப்பு அநேகமாக ஒன்றேதான். பின்னால் போய்த் தன் கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்வது. தடுப்பு வரிசை கோல்கீப்பரின் மடியில் ஏறினால், நடுக்களத்தில் செய்திருக்க வேண்டிய ஃபவுலைப் பெட்டிக்குள் செய்ய வேண்டி வரும். நடுக்களத்தில் அதற்கு ஒரு ஃப்ரீ கிக், பெட்டிக்குள் பெனால்டி. ரோமாவின் ஐந்து கோலில் மூன்று பெனால்டி. அதே நேரம் முன்னால் யாரையும் விடாவிட்டால் அடித்து விரட்டிய பந்து உடனே திரும்பி வரும், மூச்சு வாங்க நேரமிருக்காது. டொரினோவின் பயிற்சியாளர் மொண்டோனிகோ தற்காப்புக்குப் பேர்போனவர், ஆனால் ஆறடிக்கு மேல் உயரமான சிலென்சியை முன்னால் வைத்திருந்தார். பின்னால் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தபோதும், முன்னால் இருந்த ஒரு ஆள் ரோமாவின் தேவையை இரண்டு தடவை ஏற்றிவிட்டார். ஒரு அவே கோல் போட்டுவிட்டு வந்தால் போதும் என்று கிளம்புவது வேறு, ஒன்றும் வாங்காமல் வந்தால் போதும் என்று கிளம்புவது வேறு. இரண்டாவது வகை அணிகள்தான் இந்த விதியில் அதிகம் செத்தன.

மொண்டோனிகோவுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முந்தைய ஆண்டு, 1992 யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் அயாக்ஸுடன் டுரினில் 2-2, ஆம்ஸ்டர்டாமில் 0-0. ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, மூன்று தடவை பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, கோப்பை போனது. அன்று ஒரு பெனால்டி மறுக்கப்பட்ட கோபத்தில் அவர் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படத்தைப் பகிர்கிறவர்கள் ஆம்ஸ்டர்டாம் கம்பங்களைத்தான் சொல்வார்கள். கோப்பை கைவிட்டுப் போனது டுரினில் வாங்கிய இரண்டு கோலில்தான்.

விதியின் அபத்தம் வேண்டுமென்றால் அதே 1992-93 கோப்பையின் அரையிறுதிக்கு வாருங்கள். டொரினோ எதிர் யுவென்டஸ். இரண்டுக்கும் ஒரே ஊர், ஒரே மைதானம், டெல்லே ஆல்பி. முதல் ஆட்டம் டொரினோவின் வீட்டு ஆட்டம் என்று பெயர், 1-1. இரண்டாவது யுவென்டஸின் வீட்டு ஆட்டம் என்று பெயர், 2-2. கூட்டினால் 3-3. டொரினோ ‘வெளியூரில்’ இரண்டு போட்டதாக எழுதி இறுதிக்கு அனுப்பினார்கள். பயணம் இல்லை, அந்நியப் புல்தரை இல்லை. பத்து வருடம் கழித்து 2003 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மிலன், இரண்டு அணிக்கும் பொதுவான சான் சிரோ மைதானத்தில் இன்டரோடு 0-0, 1-1 ஆடி இதே வழியில் மேலே போனபோது உலகம் முழுக்கச் சிரித்தார்கள். டுரின்காரர்களுக்கு அது பழைய செய்தி. விதியைக் குறை சொல்வதானால் இதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இறுதி ஆட்டத்தை இழுக்காதீர்கள்.

கூடுதல் நேரத்தைப் பற்றி இன்னொன்று. ரோமில் ஆட்டம் 3-0-இல் நின்று கூடுதல் நேரம் வந்திருந்தால் உங்கள் மகன் நினைப்பது போல அது சமமான போட்டியாக இருந்திருக்காது. இந்த விதி இருந்த போட்டிகளில் பொதுவாகக் கூடுதல் நேரத்தில் வெளியூர் அணி போடும் கோலும் அவே கோல்தான். அப்படியானால் வெளியூரில் கோல் போட டொரினோவுக்கு 120 நிமிடம், ரோமாவுக்கு 90. மறுபக்கம் ரோமாவுக்குத் தன் ரசிகர்கள் முன்னால் முப்பது நிமிடம் அதிகம். எது கனம் என்று அவனையே கேளுங்கள். எனக்கு அந்த முப்பது நிமிடத்தைவிட அந்த அவே கோல்தான் கனமாகத் தெரிகிறது.

நடுவர் விஷயம். ஆதாரம் இல்லாமல் ஒரு மனிதரை விலைபோனவர் என்று எழுதுவது கெட்ட பழக்கம், க. அதை மகனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். உங்கள் சந்தேகத்தைக் கணக்காகவே பார்த்தாலும், மூன்று பெனால்டி வாங்கிய அணிதான் கோப்பையை இழந்தது.

மதிப்பில்லாத கோப்பையா? இதை ஜெயித்ததால்தான் டொரினோ அடுத்த ஆண்டு, ஒவ்வொரு நாட்டின் கோப்பையையும் வென்ற கிளப்புகள் ஆடிய ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையில் ஆடிக் காலிறுதியில் ஆர்சனலிடம் ஒரே கோலில் வெளியேறியது. அது அவர்களின் ஐந்தாவது கோப்பா இத்தாலியா. அதற்குப் பிறகு பெரிய கோப்பை எதுவும் அந்த அடர்சிவப்புச் சட்டைக்கு வரவில்லை. உங்கள் கேள்வியை அங்கே யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஒரே ஆட்ட இறுதி 2007-08இல் வந்தது. நல்ல ஏற்பாடுதான், எனக்கு அதில் சண்டையில்லை.

பையனுக்கு ஒரு கணக்கு கொடுங்கள், இரட்டிப்பு இல்லாமல் போடச் சொல்லுங்கள். 1998-99 கோப்பா இத்தாலியா இறுதி. பார்மாவில் பார்மா 1, ஃபியோரென்டினா 1. ஃபுளோரன்ஸில் ஃபியோரென்டினா 2, பார்மா 2. கோப்பை யாருக்கு? விடையைக் கண்டுபிடித்ததும், ஃபுளோரன்ஸில் ஃபியோரென்டினாவின் இரண்டு கோலில் ஒன்றைப் போட்டவர் யார் என்று சொல்லுங்கள்: கோயிஸ். 1993இல் டுரினில் டொரினோவுக்காகப் போட்டாரே, அதே கோயிஸ். இந்தத் தடவை விதி அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றது.