மரபணு போய் அமரும் இடம்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு அளிக்கப்பட்ட மரபணுச் சிகிச்சையைப் பற்றி நீங்கள் எழுதியதை, அதே நோயுள்ள என் அக்கா மகனுக்கு அனுப்பினேன். அவனுக்கு இருபத்திரண்டு வயது. கடுமையான ஹீமோஃபிலியா ஏ. பாரீஸில் மரபணுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது என்ற செய்தியை அவன் பதிலுக்கு அனுப்பியிருக்கிறான். அது உண்மையா? ஒரு நோயைத் தீர்த்து இன்னொன்றை உடலில் விதைக்கும் சிகிச்சையா இது? வேலூரில் அப்படி நேராது என்று எதை வைத்து நம்புவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் அக்கா மகன் அனுப்பிய செய்தி உண்மை. பாரீஸின் நெக்கேர் மருத்துவமனையில் அலன் ஃபிஷரும் மரினா கவஸானாவும் 1999இல் தொடங்கிய ஆய்வு அது. நோயெதிர்ப்பு ஆற்றலே இல்லாமல் பிறந்த ஆண் குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையிலிருந்து, இரத்த செல்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம்செல்களை எடுத்து, பழுதான மரபணுவின் நல்ல பிரதியை ஒரு ரெட்ரோவைரஸின் வழியாக அவற்றுள் செலுத்தித் திரும்ப உடலில் ஏற்றினார்கள். காற்று வடிகட்டப்பட்ட தனியறையில் வைத்துக் காக்கப்பட்ட குழந்தைகள் வீடு திரும்பினார்கள். மரபணுச் சிகிச்சையின் முதல் தெளிவான வெற்றி என்று உலகம் அதைக் கொண்டாடியது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழித்து, 2002இல், அவர்களில் ஒரு குழந்தைக்கு லூக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோய் வந்தது; பிறகு இன்னொன்றுக்கு. இதே முறையைப் பின்பற்றிய லண்டன் ஆய்வையும் சேர்த்தால் இருபது குழந்தைகளில் ஐவருக்கு அந்நோய் வந்தது. நால்வர் கீமோதெரபியால் குணமடைந்தார்கள். ஒரு குழந்தை இறந்துபோனது.

காரணத்தைக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆகவில்லை. ரெட்ரோவைரஸ் தான் சுமந்து வரும் மரபணுவை நம் டிஎன்ஏவுக்குள்ளேயே நிரந்தரமாகச் செருகிவிடுகிறது. செல் பிரியும்போதெல்லாம் அந்த மரபணுவும் பிரதியாகும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் எந்த இடத்தில் செருகுவது என்பது மருத்துவர் கையில் இல்லை. அந்த வைரஸின் இரு முனைகளிலும் அருகிலுள்ள மரபணுக்களை முடுக்கிவிடும் வலுவான பகுதிகள் இருந்தன. லட்சக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்றில் அது எல்எம்ஓ2 என்ற புற்றுநோய் மரபணுவின் பக்கத்தில் போய் அமர்ந்து அதை ஓயாமல் இயங்க வைத்தது. அந்த ஒரு செல்லின் வழித்தோன்றல்கள் பெருகி லூக்கீமியா ஆயின. இப்படி நேரக்கூடும் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியாததல்ல. எங்கோ ஓரிடத்தில் கண்மூடித்தனமாக விழும் என்றும், ஆகவே ஆபத்தான இடத்தில் விழ வாய்ப்பு மிகக் குறைவு என்றும் நம்பினார்கள். உண்மையில் இந்த வைரஸ், மரபணுக்கள் தொடங்கும் இடங்களையே நாடிச் செல்லும் இயல்புடையது.

(அதே 1999இல் பென்சில்வேனியாவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற பதினெட்டு வயது இளைஞர் இறந்ததையும் பலர் இதனுடன் சேர்த்துப் பேசுகிறார்கள். அவரைக் கொன்றது, சிகிச்சைக்கான மரபணுவைச் சுமந்து சென்ற அடினோவைரஸுக்கு எதிராக எழுந்த கடும் நோயெதிர்ப்பு வினை, புற்றுநோய் அல்ல.)

அதன் பிறகு வைரஸின் முனைகளிலிருந்த முடுக்கும் பகுதிகளை வெட்டிவிட்டு, ரெட்ரோவைரஸ்களிலேயே லென்டிவைரஸ் என்ற வேறொரு பிரிவுக்கு மாறினார்கள். சிக்கல் தீர்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. என்னைப் பொறுத்தவரை பாரீஸைவிட அதிகம் கற்றுத்தருவது இதற்குப் பின் நடந்ததுதான். சிறுவர்களின் மூளையைச் சிதைக்கும் அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோஃபி என்ற நோய்க்கு 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஸ்கைசோனா, லென்டிவைரஸால் ஆன சிகிச்சைதான். ஆய்வில் அதைப் பெற்ற 67 சிறுவர்களில் எழுவருக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024 அக்டோபரில் அறிக்கை வெளியானது; ஒருவருக்குச் சிகிச்சை முடிந்து ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. பெரும்பாலோரிடம் எம்இசிஓஎம் என்ற மரபணுவின் அருகே செருகல் இருந்தது. முனைகளை வெட்டியிருந்தாலும், உள்ளே வைத்த மரபணுவை இயக்குவதற்காகச் சேர்த்த புரமோட்டர் எலியின் ரெட்ரோவைரஸிலிருந்து எடுக்கப்பட்டது. எல்லா இரத்த செல்களிலும் பலமாக இயங்குவது. வாசலில் தடுத்ததைக் கொல்லை வழியாக உள்ளே விட்டதைப் போன்றது இது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025இல் இச்சிகிச்சையை, பொருத்தமான மஜ்ஜைக் கொடையாளர் கிடைக்காத சிறுவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. அடியோடு தடை செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள்: கொடையாளர் இல்லாத சிறுவனுக்கு எதிரே நிற்பது சில ஆண்டுகளில் பேச்சும் நடையும் பார்வையும் போன பிறகு வரும் மரணம்.

இனி வேலூர். அங்கும் லென்டிவைரஸ்தான், நோயாளியின் சொந்த ஸ்டெம்செல்கள்தான். ஆனால் அவர்கள் வைத்திருக்கும் சிடி68 புரமோட்டர் முக்கியமாக மோனோசைட் என்ற வெள்ளணு வகைச் செல்களில் இயங்குவது. ஸ்டெம்செல் நிலையில் பெரிதும் அடங்கியிருப்பது. கோட்பாட்டளவில் இது ஸ்கைசோனாவைவிடப் பாதுகாப்பான வடிவமைப்பு. 2024 டிசம்பரில் வெளியான முடிவின்படி சிகிச்சை பெற்ற ஐவருக்கும் அதன் பின் இரத்தக்கசிவு நேரவில்லை. மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அந்த ஐவரையும் சேர்த்தே 81 மாதக் கண்காணிப்புதான் அப்போது இருந்தது. பத்தில் ஒருவருக்கு நேரக்கூடிய ஆபத்து ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால்கூட, ஐந்து பேரில் ஒருவரிடமும் அது தென்படாமல் போவதற்கு ஏறக்குறைய அறுபது சதவீத வாய்ப்பு உண்டு. எனவே "நேராது" என்று இன்று எவரும் சொல்ல முடியாது. டிஎன்ஏவுக்குள் செருகும் இத்தகைய சிகிச்சைகளைப் பெற்றவர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்க நிர்வாகம் சொல்வது இதனால்தான். ஸ்டெம்செல்களைத் திரும்ப ஏற்றுவதற்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுக்கும் கீமோதெரபிக்கும் தனியே சிறிதளவு புற்றுநோய் அபாயம் உண்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஹீமோஃபிலியா ஏ, அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோஃபி அல்ல. இந்நோயில் குறைபடும் உறைவுப் புரதமான ஃபேக்டர் எட்டு ஊசியாகக் கிடைக்கிறது, அதன் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் என்ற ஊசி மருந்தும் இருக்கிறது. உங்கள் அக்கா மகனுக்கு இவற்றில் ஒன்று தடையின்றிக் கிடைத்து, மூட்டுகளில் இரத்தக்கசிவு கட்டுக்குள் இருந்தால், இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வேன். ஊசி கிடைப்பதே நிச்சயமில்லை, முழங்கால் ஏற்கெனவே பழுதாகிவிட்டது என்றால் கணக்கு வேறு. அப்போது ஆய்வில் சேர்வது விவேகமற்ற முடிவு ஆகாது. சேர்வதானால் மூன்று கேள்விகளை மருத்துவர்களிடம் அவர் நேரடியாகக் கேட்கட்டும்: வைரஸ் எங்கெங்கே செருகியிருக்கிறது என்பதை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள், ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் மிகுவது தெரிந்தால் என்ன செய்வார்கள், புற்றுநோய் வந்தால் அதற்கான செலவு யாருடையது. மூன்றாவதற்குச் சட்டத்திலேயே விடை உண்டு. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளின்படி, ஆய்வினால் விளைந்த பாதிப்புக்குச் சிகிச்சையும் இழப்பீடும் அளிக்கும் பொறுப்பு ஆய்வை நடத்துவோரைச் சேர்ந்தது. ஒப்புதல் படிவத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவர் கையெழுத்திட வேண்டும்.