ராத்திரியில் உளறும் அம்மாவுக்கு ஏசி ரூம்தான் மருந்தா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. இடுப்பெலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் ஆகிறது. பகலெல்லாம் தூங்குகிறார். விளக்கு வைத்தால், “மாட்டை இன்னும் கொட்டகையில கட்டலையா?” என்று எழுந்திருக்கப் பார்க்கிறார். வார்டில் சத்தம், புழுக்கம், கொசு. தனியாரில் ஏசி ரூமுக்கு மாற்றினால் சரியாகிவிடும், காப்பீட்டு அட்டையே போதும் என்கிறார் வராண்டாவில் பழக்கமான ஒருவர். மாற்றலாமா? – வாசகர், பாபநாசம்

பதில்: அவசரப்படாதீர்கள். இதற்குப் பெரும்பாலும் டெலிரியம் என்று பெயர். பைத்தியம் அல்ல, ஆபரேஷனுக்குப் பின் முதியவர்களுக்கு அடிக்கடி வரும் குழப்பம். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், அடங்காத வலி, சோடியம் குறைவு, கிருமித்தொற்று என்று காரணம் ஏதாவது இருக்கும். டாக்டரிடம் இன்றே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏசி இதில் எதையும் தீர்க்காது. நீங்களாகத் தூக்க மாத்திரையும் கொடுக்காதீர்கள். குழப்பம் கூடும், எழுந்து விழுந்தால் இன்னொரு எலும்பு போகும்.

அடுத்தது வெளிச்சம். பகலில் கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொல்லுங்கள், தலைமாட்டை உயர்த்தி உட்கார வையுங்கள். கண்ணாடி, பல்செட், காது மிஷின் வீட்டில் கிடந்தால் உடனே கொண்டுவாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் முகத்துக்கு நேரே இருக்கும் டியூப்லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். ஒரே சுவிட்சில் வார்டு முழுக்க எரியும் என்பார்கள். கோடிக்கணக்கில் கட்டடம் கட்டுகிறவர்களுக்குக் கட்டிலுக்கு ஒரு சுவிட்ச் வைக்க மனம் வருவதில்லை! கட்டிலைத் திருப்பிப் போட்டால் வெளிச்சம் கால்மாட்டுக்குப் போகும்.

இரவில் வார்டுச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரணப் பேச்சே 60 வரும். வாசல், நர்ஸ் மேசை, ட்ராலி போகும் வழி இவற்றிலிருந்து தள்ளிக் கட்டில் கேளுங்கள். சத்தம் என்று காதில் பஞ்சு வைக்காதீர்கள். காது கேட்காவிட்டால் குழப்பம்தான் கூடும்.

ரெக்சின் மெத்தையில் வியர்வை தேங்கி முதுகுத் தோல் ஊறும், படுக்கைப்புண் வரும். பழைய பருத்தி வேட்டியை மடிப்பு இல்லாமல் விரியுங்கள். சிஸ்டரிடம் முறை கேட்டு, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். ஐப்பசிக் கொசுவுக்கு வலைதான் கட்ட வேண்டும். ஆக்ஸிஜன் இருக்கும் வார்டில் கொசுவத்தி கொளுத்தவே கூடாது.

இனி அந்த ஏசி ரூம். சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருப்பதையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது. பக்கத்தில் யாராவது இருமிக்கொண்டிருந்தால், ஜன்னல் சாத்திய அறையைவிட எதிரெதிரே ஜன்னல் திறந்த வார்டே மேல். காசநோய் என்று சந்தேகம் இருந்தால் இதை இரண்டு முறை படியுங்கள்: குளிர்ச்சி என்பது சுத்தம் அல்ல. கதவு மூடிய தனியறையில் அம்மா இறங்க முயன்றாலும் சிஸ்டர் கண்ணில் படாது.

வராண்டாவில் வந்து அக்கறை காட்டுகிறவருக்குப் பெரும்பாலும் கமிஷன் உண்டு. ‘அட்டை போதும்’ என்பதை நம்பி டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிந்தைய இந்தச் சிகிச்சைக்கு அங்கே அனுமதி கிடைக்குமா, அறை வாடகை யார் தலையில் என்று காப்பீட்டு உதவி மேசையில் எழுத்தில் கேளுங்கள். 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

காய்ச்சல், மூச்சிரைப்பு, எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், சிறுநீர் நின்றுபோவது: இதில் ஒன்று தெரிந்தாலும் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல், நடுராத்திரி ஆனாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.