மைதாப் பசைக் கணக்கு

கேள்வி: ஊராட்சி வரவு செலவை எல்லாரும் பார்க்கும்படி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் முறைகேடு நடக்காது என்கிறேன் நான். ஒட்டினாலும் நடக்கும் என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வது சரி?
(ஒரு வாசகர், திருப்பாலைக்குடி)

பதில்: உங்கள் குடும்பப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை, நோட்டீஸ் போர்டுக்கு வருகிறேன். நம் கரையின் உப்புக்காற்றில் இரும்புப் பலகை என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். துருப்பிடித்தது போக மிஞ்சிய இடத்தில் மைதாப் பசை தடவி ஒட்டுகிறார்கள். விடிந்ததும் ஆடு வருகிறது. முதலில் தெருவிளக்குச் செலவைத் தின்கிறது. குடிநீர்க் குழாய் பராமரிப்பை நிதானமாக மெல்கிறது. ஊருணி தூர்வாரிய தொகை வந்ததும் ஆட்டுக்கே புரையேறுகிறது. கணக்கைக் கடைசி வரி வரைக்கும் விடாமல் பார்த்த ஒரே ஜீவன் அதுதான். போகும்போது பலகைக்குக் கீழே முத்திரையும் வைத்துவிட்டுத்தான் போகிறது!

கண்ணில் பட்டால் போதும் என்கிறீர்கள். ஏர்வாடிக் காப்பகங்களில் மனநோயாளிகளைக் கட்டிவைத்த சங்கிலி யார் கண்ணிலும் படாமலா இருந்தது? தர்காவுக்குப் போய்வந்த ஜனமெல்லாம் பார்த்ததுதான். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் கொட்டகை தீப்பிடித்து, கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகினார்கள். அதற்கப்புறம்தான் காப்பகங்களை மூடி, 500-க்கும் மேற்பட்டவர்களை அரசு பொறுப்பெடுத்தது. பார்த்தவர்கள் ஆயிரம் பேர். "ஏன்யா கட்டிவைத்திருக்கிறாய்?" என்று கேட்பது தன் வேலை என்று நினைத்தவர் எத்தனை பேர்?

கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலையில் அப்படி இல்லை. மீன் சேர்ந்த வலைப்பை, அதாவது மடி, கரையேறியதும் மீன் அங்கேயே ஏலம் போகும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, வலை இழுத்தவர்களுக்கு எவ்வளவு என்பதை மணலில் நின்றே பேசித் தீர்ப்பார்கள். ஏய்ப்பது லேசில்லை. சுற்றி நிற்கிறவனுக்கெல்லாம் அதில் பங்கு உண்டு, வாயும் உண்டு. ஊராட்சிப் பணத்தில் தனக்குப் பங்கிருப்பதாக உங்கள் மைத்துனருக்கு என்றைக்காவது தோன்றியிருக்கிறதா? கிராம சபைப் பக்கம் நீங்களாவது போனதுண்டா?

ஒட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒட்டாவிட்டால் எதை வைத்துக் கேள்வி கேட்பது? ஆனால் 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அறிவிப்புப் பலகையோடு நிற்கவில்லை; பொது அறிவிப்பாகவும் சொல்லலாம் என்கிறது. அதாவது, மைக் செட். என் பழைய பகையாளி! காதுகுத்துக்கு விடியற்காலை நாலு மணிக்கே குழாய் கட்டி அலறவிட்டு, கேட்கப்போன என்னை அதே மைக்கில் "பத்திரிகைக்காரருக்கு வயித்தெரிச்சல்" என்று சொன்ன தெருவில்தான் இன்னும் குடியிருக்கிறேன். அந்தக் குழாயில் ஒருநாள் ஊருணிக் கணக்கை வரிவரியாக வாசிக்கட்டும். அன்றைக்கு மட்டும் நான் போலீசுக்குப் போன் போடமாட்டேன்.