பாம்பன் பையன் லூஜ் பந்தயத்துக்குப் போக முடியுமா?

கேள்வி: பாம்பனில் 14 வயதுப் பையன் லூஜ் (ஸ்லெட் என்னும் சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்துப் பனித்தடத்தில் கீழே பாயும் பந்தயம்) வீரனாகணும்கிறான். ஊரில் மேடும் இல்லை, பனியும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

கிளம்பும் இழுப்பிலிருந்து. அதற்கு மேடும் வேண்டாம், பனியும் வேண்டாம். லூஜில் நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். கிளம்பும்போது விட்டதைக் கீழே போய் மீட்பது அரிது.

ஸ்லெட்டில் உட்கார்ந்து, இருபுறக் கைப்பிடிகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆடி, ஒரே இழுப்பில் வெளியே வரணும். பிறகு முள் பதித்த கையுறையால் பனியை மூன்று நான்கு முறை துழாவிவிட்டு, கால் முன்னால் நீட்டி மல்லாந்து படுக்கணும். கரைவலை இழுக்கிறவர்களின் முதுகும் தோளும் இதற்கு உதவும். ஆனால் வலை இழுப்பு நிதானமானது, இது கண் இமைக்கும் நேர வெடிப்பு. வலை இழுத்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

கருவாடு காயவைக்கும் சிமெண்ட் தளம் போன்ற சமதளம், ஊன்றிய இரண்டு இரும்புக் குழாய்கள், சக்கரப் பலகை இருந்தால் பழகலாம். மணலும் உப்பும் ஏறினால் பேரிங் இறுகிவிடும். தினமும் துடைத்து எண்ணெய் விடுங்கள். கழுத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும்: மல்லாந்து படுத்து, தலையை ஓரங்குலம் தூக்கி நிறுத்துவது. வளைவில் உடல் எடையின் நான்கைந்து மடங்கு அழுத்தும்போது தலை தொங்கினால் தடம் தெரியாது, அதிகம் தூக்கினால் காற்று தடுக்கும்.

கொடைக்கானல் சாலையில் சக்கர ஸ்லெட் விடலாமே என்பார்கள். மணாலிக்காரர் சிவ கேசவன் இமயமலைச் சாலைகளில் அப்படிப் பழகியவர்தான்; 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்கும் கண்டார். ஆனாலும் வேண்டாம். வளைவில் லாரி வரும் என்பது ஒன்று. ரப்பர் சக்கரம் தரையைப் பிடிக்கும், பனி ஸ்லெட்டின் அடியிலுள்ள எஃகு பக்கவாட்டில் வழுக்கும் என்பது இன்னொன்று. பனியில் வலது கெண்டைக்காலால் சறுக்குச் சட்டத்தின் வளைந்த முனையை அழுத்தினால் ஸ்லெட் இடப்பக்கம் திரும்பும். கூடுதலாக அழுத்தினால் பின்பகுதி விலகி வேகம் போகும். வளைவு முடிவில் தாமதித்தால் எதிர்ச்சுவரில் மோதும். இதைப் பனித்தடத்தில் மட்டுமே கற்கலாம். இந்தியாவில் அப்படிச் செயற்கைத் தடம் இல்லை. ஆசியாவில் தென்கொரியாவின் பியோங்சாங், சீனாவின் யான்சிங். செலவெல்லாம் அங்கேதான்.

சொந்த ஸ்லெட் வாங்கினால், நம் உப்புக்காற்றில் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். எண்ணெய்த் துணி சுற்றி வையுங்கள். பந்தயத்தில் அந்த எஃகைச் சூடாக்கி வேகம் கூட்ட நினைக்கக் கூடாது. 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனிப் பெண்களை அதற்காகத்தான் நீக்கினார்கள்.

பையன் ஒல்லி என்றால் கவலை வேண்டாம். எடை குறைந்தவர்கள் ஈய எடை கட்டிக்கொள்ளலாம், குறையும் எடை முழுவதற்கும் அனுமதி கிடையாது.