ராத்திரி சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியும் சுகர் ஏன் குறையவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய். க்ளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் எடுக்கிறார். ராத்திரி சோற்றை நிறுத்திச் சப்பாத்தி, கேழ்வரகு தோசை என்று மாற்றிவிட்டோம். ஆனாலும் சாப்பிட்ட பிறகு பார்த்தால் 240-க்குக் கீழே வருவதில்லை. மாவுச்சத்து குறைத்த உணவுக்கு மாறலாமா?

மாறலாம். ஆனால் தட்டில் கை வைப்பதற்கு முன் மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள். அப்பா என்ன சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் க்ளிமிபிரைடு கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு அதே டோஸைத் தொடர்ந்தால் லோ சுகர் எட்டிப்பார்க்கலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். அதனால் டோஸைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை முதலிலேயே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறவர்களுக்கு இந்தப் பயம் அதிகமில்லை.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை சீட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. இவற்றோடு மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) ஏறி அமிலத்தன்மை கூடிவிடலாம். அப்போதும் மீட்டரில் சுகர் 180 என்று பெரிதாக ஏறாமலே காட்டக்கூடும் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் மீட்டரை நம்பிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனி சப்பாத்தி விஷயம். 30 கிராம் கோதுமை மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மூன்று சாப்பிட்டால் 60. இருநூறு கிராம் சோற்றில் இருப்பது 56. கேழ்வரகு மாவும் 100 கிராமுக்கு 70-ஐ ஒட்டித்தான் வரும். நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் மாவாக அரைத்துத் தோசையாக வார்த்த பிறகு சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. தானியத்தை மாற்றினீர்கள், அளவு அப்படியே இருக்கிறது.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். ஒரு வாரத்துக்குச் சோறு, மாவு, பருப்பு எல்லாவற்றையும் எடை போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்றால் அது குறைந்த மாவுச்சத்து உணவு. ஐம்பதுக்குக் கீழே இறங்குவது கீட்டோ. மாத்திரை எடுக்கும் பெரியவருக்கு 100-லிருந்து 130 வரை வைத்துத் தொடங்குவதே நல்லது என்பேன். முதல் வாரம் ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் மாற்றினால் போதும்.

காலையில் நாலு இட்லிக்குப் பதில் (ஒன்றுக்குச் சுமார் 10 கிராம்) ஒரு இட்லியும் இரண்டு முட்டையும் கொடுக்கலாம். சைவம் என்றால், 30 கிராம் பாசிப்பயறை ஊறவைத்து அரிசி சேர்க்காமல் அரைத்து வார்த்த தோசை. நார்ச்சத்து போக அதில் 15 கிராம்தான் வரும். மதியம் 75 கிராம் சோறு, அதற்கு மூன்று பங்கு கீரையோ புடலங்காயோ முட்டைக்கோஸோ, கூடவே மீன் அல்லது பனீர். காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் குறையும். உருளை, மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் காய்க்கணக்கில் வராது, சோற்றுக்கணக்கில்தான் வரும். கருப்பட்டியும் தேனும் சர்க்கரையேதான்.

எது ஒத்துக்கொள்கிறது என்பதை மீட்டரே சொல்லும். சாப்பிட உட்காரும்போது ஒரு தடவை, முதல் கவளத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒரு தடவை குத்திப் பார்த்து, சாப்பிட்டதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 130-ல் தொடங்கி 170-ல் நின்றால் அந்தச் சாப்பாடு சரி. 230 போனால், அடுத்த நாள் அதே சாப்பாட்டில் சோற்றை மட்டும் பாதியாக்கிப் பாருங்கள். விரலைக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். பழம் உரித்த கையோடு குத்தினால் பொய்யாக ஏறிக் காட்டும்.

எழுபதுக்குக் கீழே இறங்கினால் உணவுக் கட்டுப்பாட்டை அப்போதைக்கு மறந்துவிட்டு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

முதல் இரண்டு வாரத்தில் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் வரக்கூடும். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே தள்ளுவதுதான் காரணம். மோரிலோ ரசத்திலோ ஒரு சிட்டிகை உப்பு கூட்டினால் சரியாகிவிடும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார் என்றால் நீங்களாக உப்பைக் கூட்டாதீர்கள். எழுந்து நிற்கும்போது கிறுகிறுத்தால் அந்த மாத்திரையின் டோஸையே குறைக்க வேண்டியிருக்கலாம்.

சாப்பிட்ட பிறகு பார்க்கும் அளவு இறங்கியும் காலை வெறும் வயிற்றில் 150 என்று நின்றால் மனம் தளர வேண்டாம். விடியற்காலையில் கல்லீரலே சர்க்கரையை வெளியே விடுகிறது. அது அடங்கப் பெரும்பாலும் கூடுதல் நாளாகும்.

தொடங்குமுன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), கொழுப்பு, எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது) மூன்றையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் புரதத்தின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கொழுப்பையும் எச்பிஏ1சியையும் மறுபடி பாருங்கள். நெய்யும் தேங்காய் எண்ணெயும் தாராளமானால் சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறும். விழித்திரைப் பரிசோதனையும் முன்னதாகவே முடியட்டும். ஏற்கெனவே விழித்திரையில் பாதிப்பு இருக்கிறவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் அது கொஞ்ச காலம் மோசமாகலாம். அப்படியானால் மெதுவாகத்தான் இறக்க வேண்டும்.