ஆத்தங்கரையை ஒட்டின சின்ன ஏரியாவுல வீடு வாங்கலாமா? அங்க வாழ்க்கை எப்படி இருக்கும்?

வாங்கலாம். ஆனா ஆத்துல இருந்து எவ்வளவு தூரம்னு கேக்கறதை விட ஆத்தை விட எவ்வளவு உயரம்னு கேட்டு வாங்கணும். நீங்க "ஆறு நூறு மீட்டர் தள்ளித்தான் இருக்கு, பரவால்லயா"ன்னு கேட்டிருக்கீங்க, மாடி இல்லாத வீடு, முட்டி வலியோட வயசான அம்மா கூட இருக்காங்கன்னும் எழுதியிருக்கீங்க. நானும் இதே மாதிரி நகரத்தை ஒட்டின, நாலஞ்சு தெரு மட்டும் இருக்கற ஒரு ஆத்தங்கரை ஏரியாவுலதான் ரொம்ப வருஷமா குடியிருக்கேன், அதனால நல்லது கெட்டது ரெண்டையும் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல நல்லது. இங்க தெரு எல்லாமே ஆத்தோட முடிஞ்சிடும், அந்தப் பக்கம் போக வழி கிடையாது, அதனால குறுக்கு வழின்னு பூந்து போற வண்டி ஒண்ணுகூட வராது. வர்றவங்க எல்லாம் இங்க குடியிருக்கறவங்க, இல்லன்னா அவங்களைப் பாக்க வந்தவங்க. பசங்க நடுரோட்டுல சைக்கிள் ஓட்டுவாங்க, பெரியவங்க சாயங்காலம் ரோட்டோட முழு அகலத்தையும் எடுத்துக்கிட்டு பேசிக்கிட்டே நடப்பாங்க, ஹாரன் அடிக்க ஆளே இல்ல. என்னைக் கேட்டா தண்ணி வியூவை விட இதுதான் பெருசு. வியூ கொஞ்ச நாள்ல கண்ணுக்குப் பழகிடும், வண்டி இல்லாத தெருவோட அருமை பசங்க வளர வளரத்தான் தெரியும். ராத்திரியில காத்து நல்லா இருக்கும். மீன்கொத்தி, கொக்கு எல்லாம் பால்கனியில நின்னாலே தெரியும்.

சத்தம் மட்டும் ஒரு விஷயம். ராத்திரி தண்ணிக்கு மேல இருக்கற காத்து குளுந்து கிடக்கறதால சத்தம் மேல போகாம வளைஞ்சு கீழயே வரும், அக்கரையில ரெண்டு பேர் பேசறது வார்த்தை வார்த்தையா கேக்கும். எதிர்க்கரையில மண்டபமோ ஹோட்டலோ இருந்தா ஒரு சனிக்கிழமை ராத்திரி போய் நின்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

ஏரியா சின்னதா இருக்கறதுக்கு ஒரு விலை இருக்கு. பஸ் உள்ள வராது, நல்ல கடைக்கு வண்டி எடுக்கணும், கரண்ட் போனா பெரிய ஏரியாவுக்கு வந்த அப்புறம்தான் நமக்கு வரும். விக்கணும்னு நெனச்சா உடனே ஆள் கிடைக்காது, ஆத்தங்கரைன்னு கேட்டதும் பாதிப்பேர் ஆசைப்படுவாங்க பாதிப்பேர் பயப்படுவாங்க. ஆனா நாப்பது அம்பது வீடுன்னா எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், யார் வீட்டுல தனியா பெரியவங்க இருக்காங்க, யார்கிட்ட ஜெனரேட்டர் இருக்கு, யாருக்கு மாடி இருக்குன்னு தெரியும். ஆத்துல தண்ணி ஏறுற ராத்திரியில இந்தத் தகவல்தான் உதவும். வீடு பாக்கப் போறப்ப அந்த ஏரியா வாட்ஸப் குரூப் உயிரோட இருக்கான்னு கேளுங்க, சீரியஸாவே சொல்றேன்.

இப்ப தண்ணிக்கு வரேன். வெள்ளம்னா ஆறு கரையை உடைச்சுக்கிட்டு முன்பக்கமா வரும்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. எங்க ஏரியா மாதிரி எடத்துல முதல்ல வர்றது பின்பக்கமா, தெருவுல இருக்கற மழைநீர் வடிகால் வழியா. ஆத்துல லெவல் ஏறினதும் வடிகாலோட வாய் தண்ணிக்குள்ள முங்கிடும், தெருவுல பெஞ்ச மழைக்கு வெளிய போக வழியிருக்காது, அதோட ஆத்துத் தண்ணியும் அதே வடிகால்ல ரிவர்ஸ்ல ஏறும். இதைத் தடுக்கத்தான் வடிகால் ஆத்துல விழற எடத்துல ஒரு பக்கம் மட்டும் திறக்கற இரும்புக் கதவு போடுவாங்க, உள்ளேருந்து தண்ணி தள்ளினா திறக்கும், ஆத்துப் பக்கமிருந்து தள்ளினா மூடிக்கும். எங்க தெருக்கோடியில இருக்கற கதவைக் கோடையில போய்ப் பாத்தா கீல் துருப்பிடிச்சு இறுகியிருக்கும், அடிவிளிம்புல ஒரு மரக்கட்டையும் நசுங்கின தண்ணி பாட்டிலும் சிக்கி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல கை நுழையற அளவுக்கு சந்து இருக்கும். அந்த சந்து போதும், தாழ்வான தெரு ராத்திரியோட ராத்திரியா நிரம்பிடும். மழைக்காலத்துக்கு முன்னாடி நாங்களே கடப்பாறை எடுத்துட்டுப் போய் அதையெல்லாம் கிளப்பி எடுத்து, கீல்ல கிரீஸ் வெச்சுட்டு வருவோம். நீங்க பாக்கற ஏரியாவுல அந்தக் கதவு எங்க இருக்கு, யார் பாத்துக்கறாங்கன்னு நாலு பேர்கிட்ட கேளுங்க. ஒருத்தருக்கும் தெரியலன்னா அந்த ஏரியாவை நான் வாங்க மாட்டேன்.

வீட்டுக்குள்ளயும் இதே கதைதான். தரைத்தளத்து பாத்ரூம் ஜாலி வழியா சாக்கடை எதிர்த்து வரும், வெளிய போற லைன்ல என்.ஆர்.வி, அதாவது தண்ணியை வெளிய மட்டும் விட்டு திரும்பி வராம தடுக்கற வால்வு, போட்டிருக்கான்னு பாருங்க. மழைக்காலத்துல நிலத்தடி நீர் மேல வந்துடறதால செப்டிக் டேங்க் சரியா வடியாது, காலியா இருக்கற சம்பை அடியிலேருந்து தண்ணி தூக்கி விரிசல் விட வைக்கும், அதனால அந்த மாசங்கள்ல சம்பை நிரப்பியே வைக்கணும். சுவத்துல ஓதம் ஏறி உப்பு பூக்கும், அடிமட்டத்துல ஈரத்தைத் தடுக்கற லேயர் போடாத பழைய வீடுன்னா எத்தனை தடவை பெயின்ட் அடிச்சாலும் உதிரும்.

பில்டர் என்ன சொல்வார்னா, "இது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளத்துல மட்டும்தான் சார் முங்கும்". கேக்க தெம்பா இருக்கும். அதோட அர்த்தம் ஒரு தடவை வந்துட்டா அடுத்த 99 வருஷம் நிம்மதின்னு இல்ல, ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்புன்னு அர்த்தம். 30 வருஷ லோன் போட்டீங்கன்னா லோன் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது அந்த வெள்ளம் வர 26 சதவீத வாய்ப்பு, நாலுல ஒண்ணுக்கும் மேல. அதுவும் பழைய கணக்கை வெச்சுப் போட்டது, ஆத்தோட மேல்பகுதியில புதுசா ரோடும் கட்டடமும் வந்துட்டா மண்ணுக்குள்ள எறங்க வேண்டிய மழை நேரா ஆத்துக்கு வந்துடும், அப்ப அந்தக் கணக்கே மாறிடும்.

"மேல அணை இருக்கு, பயமில்ல"ன்னும் சொல்வாங்க. ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் நகரத்துல 1974ல பெரிய வெள்ளம் வந்துச்சு, 1984ல வைவன்ஹோ அணையைக் கட்டி முடிச்சாங்க, வெள்ளத்தைப் பிடிச்சு வைக்கறதும் அதோட ஒரு வேலை, நம்பி ஆத்தங்கரையில ஜனங்க குடியேறினாங்க. 2011 ஜனவரியில ஆறு நகரத்துல 4.46 மீட்டர் வரைக்கும் ஏறிச்சு, 2022ல மறுபடியும் வெள்ளம். அணை இருந்தா தண்ணி குறையும், சின்ன வெள்ளமெல்லாம் நம்மகிட்ட வந்தே சேராது, ஆனா அது நிரம்பினா திறந்துதான் ஆகணும், அன்னிக்கு நம்ம ஊர்ல பளிச்சுன்னு வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே தண்ணி ஏறும். அணைத் திறப்பு எச்சரிக்கை யார் மூலமா எந்த நம்பருக்கு வரும்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

தண்ணி வரைஞ்ச கோடு பழைய வீடுகள்ல இருக்கும், அதைத் தேடிப் பாருங்க. காம்பவுண்டு சுவத்துல ஒரே மட்டத்துல பழுப்புக் கறை, பாலத் தூண்ல பெயின்ட்ல குறிச்ச வருஷம், மீட்டர் பெட்டியை யாரோ கழட்டி மேல தூக்கி வெச்ச அடையாளம். ப்ளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்துல இருந்தா அந்த வீட்டுக்காரருக்கு ஏதோ தெரியும்னு அர்த்தம், ஏன்னு கேளுங்க. விக்கறவர்கிட்ட கேக்கறதை விட பக்கத்து வீட்டுல வாடகைக்கு இருக்கறவர்கிட்ட கேளுங்க, அவருக்கு மறைக்க ஒண்ணும் இல்ல. போன்ல இருக்கற மேப் காட்டுற உயரத்தை நம்பாதீங்க, அதுல மீட்டர் கணக்குல வித்தியாசம் வரும், நமக்கு அரை அடி வித்தியாசமே பெருசு. ஒரு சர்வேயரைக் கூட்டிட்டுப் போய் லெவல் எடுங்க. பழைய வெள்ளக் கறை, தெரு ரோடு, வீட்டுத் தரை, வெளிய போற ரோட்டுல இருக்கறதுலயே தாழ்வான எடம், இந்த நாலும் வேணும்.

கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம். சின்ன ஏரியாவுக்குப் பெரும்பாலும் வெளிய போக ஒரே ரோடுதான், அதுல எங்கயாவது ஒரு சிறுபாலம் தாழ்வா இருக்கும். வேகமா ஓடற தண்ணி 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைத் தள்ளிடும், 30 சென்டிமீட்டர்ல சின்ன கார் மிதக்க ஆரம்பிக்கும், 60ன்னா பெரும்பாலான வண்டியை இழுத்துட்டுப் போயிடும். வீடு மேட்டுல இருந்தும் ரோடு பள்ளத்துல இருந்தா தீவுல உக்காந்த மாதிரிதான், குடிதண்ணியும் மருந்தும் கையில இருந்தா சமாளிக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா கஷ்டம்.

கரையையும் நடந்து பாருங்க. ஆறு வளையற எடத்துல வெளிவளைவுப் பக்கம் கரையை அரிச்சுக்கிட்டே போகும், உள்வளைவுல மணலைக் கொண்டு வந்து போடும், அதனால வெளிவளைவுல வீடே வேண்டாம். கரை பெரும்பாலும் சரியறது தண்ணி உச்சத்துல இருக்கும்போது இல்ல, சட்டுன்னு வடியும்போது, மண்ணு முழுக்க ஊறியிருக்கும், தாங்கிப் பிடிச்சிருந்த தண்ணி போயிடும், அப்படியே பாளம் பாளமா விழும். வெள்ளம் வடிஞ்சிடுச்சுன்னு பசங்களோட கரை ஓரமா வேடிக்கை பாக்கப் போறவங்களைப் பாத்தா எனக்கு அடிவயிறு கலங்கும்.

கொசு பத்தி எல்லாரும் கேக்கறாங்க. ஓடற தண்ணியில கொசு அதிகம் வளராது. கோடையில ஆறு வத்தி அங்கங்க குட்டையா நிக்கும்போதும், சாக்கடை கலந்து தேங்கும்போதும்தான் பிரச்சனை. டெங்கு பரப்பற கொசு வீட்டைச் சுத்தி தொட்டி, டயர், பூந்தொட்டித் தட்டுல நிக்கற தண்ணியிலதான் முட்டை போடும், அதுக்கு ஆத்தைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. வெள்ளம் வந்தா பாம்பு மேடு தேடி வரும், அது உண்மை.

முன்வரிசையா பின்வரிசையான்னு கேட்டா நான் மூணாவது வரிசைதான் சொல்வேன், தெரு ஆத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக மேடாகுதுன்னா. முன்வரிசைக்காரர் வியூவுக்குக் கூடுதல் காசு குடுக்கறார், நீங்க அதே கரையில அதே வாக்கிங் போவீங்க. அதுவும் இல்லாம, ஆத்துக்கு எடம் விடணும்னு அரசாங்கம் முடிவு பண்ணினா முதல்ல போறது முன்வரிசைதான். நெதர்லாந்துல 1995 வெள்ளத்துல சுமார் ரெண்டரை லட்சம் பேரை வெளியேத்தினாங்க, அதுக்கப்புறம் நிறைய எடத்துல கரையை உசத்தறதை விட்டுட்டு ஆத்துக்கு அகலம் குடுக்க ஆரம்பிச்சாங்க. நைமேகனுக்கு எதிர்ல லென்ட்ங்கற எடத்துல கரையை 350 மீட்டர் பின்னாடி தள்ளினாங்க, நடுவுல இருந்த வீடுகளை எடுத்துட்டாங்க. ஆத்துக்கு அது நல்லதுதான், ஆனா வீடு அங்க இருந்தவங்க கிளம்ப வேண்டி வந்துச்சு.

இன்சூரன்ஸ்ல வெள்ளம்ங்கற வார்த்தை பாலிசியிலயே இருக்கான்னு படிச்சுப் பாருங்க, ஏஜென்ட் வாயால சொன்னது போதாது. அமெரிக்காவுல சாதாரண வீட்டு பாலிசியில வெள்ளம் சேராது, தனியா எடுக்கணும், அரசாங்கத் திட்டத்துல எடுத்தாலும் பொதுவா 30 நாள் கழிச்சுத்தான் அமலுக்கு வரும். மேகம் கறுத்ததும் ஓடிப்போய் எடுக்க முடியாது.

உங்க வீட்டு விஷயத்துக்கு வரேன். நூறு மீட்டர்ங்கறதை மறந்துடுங்க. பழைய வெள்ளக் கறையை விட வீட்டுத் தரை மூணு அடியாவது மேல இருந்து, வெளிய போற ரோடும் முங்காதுன்னா தாராளமா வாங்குங்க, அம்மாவுக்கு இந்தத் தெருவும் சாயங்கால நடையும் ரொம்பப் பிடிக்கும். தரை கறையை விடக் கீழ இருக்குன்னா, மாடி இல்லாத வீட்டுல முட்டி வலி இருக்கற ஒருத்தரை ராத்திரி தண்ணியில எங்க தூக்கிட்டுப் போவீங்க? விலையைக் குறைச்சாலும் வேண்டாம், அதே ஏரியாவுல மேட்டுத் தெருவுல ஒண்ணு காலியாகற வரைக்கும் வாடகைக்கு இருந்து பாருங்க, ஒரு மழைக்காலம் முழுக்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி லெவல் எடுத்துட்டு அந்த நாலு அளவையும் இங்க கீழ போடுங்க, பாத்துட்டு என் அபிப்பிராயத்தைச் சொல்றேன்.